கோச்சை மாற்றினால் அணி ஜெயிக்குமா?

தருமபுரியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து லீகில் நியூயார்க் நிக்ஸ் அணியை 25 வருஷத்துக்குப் பிறகு கிழக்குப் பிரிவு இறுதிச்சுற்று வரைக்கும் கொண்டுபோனவர் டாம் திபடோ. அந்தத் தொடர் முடிந்த சில நாட்களிலேயே, 2025 ஜூன் 3ஆம் தேதி, அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். 2023ல் டென்வர் அணிக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்த மைக்கேல் மலோனை 2025 ஏப்ரலில், லீக் ஆட்டங்கள் மூன்றே பாக்கி இருந்தபோது நீக்கினார்கள். இப்படி மாற்றுவதில் நிஜமாகவே பலன் உண்டா, இல்லை முதலாளிகளின் கோபம் மட்டும்தானா என்பது கேள்வி. கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: "எங்க கிளப்லயும் மூணு டோர்னமெண்ட் தோத்ததால கோச்சை மாத்தணும்னு சீனியர்ஸ் பேசுறாங்க. பெங்களூர்ல இருந்து ஒருத்தர் வர ரெடியா இருக்கார். நீங்க என்ன நினைக்கிறீங்க சார்?"

தம்பி, அந்தக் கடைசி வரிதான் உங்கள் கேள்வி என்று எனக்குப் படுகிறது. ஆனாலும் அமெரிக்கக் கதை வழியாகப் போவது நல்லதுதான். அங்கே ஓர் அணி ஒரு பருவத்தில் 82 ஆட்டம் ஆடுகிறது, யார் எத்தனை நிமிஷம் ஆடினார் என்பது வரை பதிவு இருக்கிறது, உட்கார்ந்து சண்டை போட நமக்குக் கையில் ஆதாரம் கிடைக்கிறது. நம் ஊரில் டோர்னமெண்ட் முடிந்த மறுநாள் ஸ்கோர் ஷீட்டைத் தேடினால்கூடக் கிடைக்காது.

நான் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அரசுப் பள்ளி உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். கூடைப்பந்தில் தேசிய விளையாட்டு நிறுவனத்தின் (என்.ஐ.எஸ்.) பயிற்சியாளர் பட்டயம் உண்டு. பள்ளி அணி, கிளப் அணி, மாவட்ட அணி என்று பெஞ்சில் உட்கார்ந்த காலம் நிறைய. என்.பி.ஏ. ஆட்டங்களைக் காலையில் காபியோடு பார்ப்பது இன்றைக்கும் விடாத பழக்கம். அமெரிக்க அணிகளின் உடைமாற்றும் அறைக்குள் என்ன நடந்தது என்பதற்கு நான் சாட்சி இல்லை. கோர்ட்டில் தெரிவதையும், எல்லோரும் பார்க்கக்கூடிய பதிவில் இருப்பதையும் வைத்துத்தான் சொல்கிறேன்.

முதலில், நிச்சயமாகச் சொல்லக்கூடியது. கோச்சை நீக்கியதும் அணி கொஞ்சம் நன்றாக ஆடுவது அடிக்கடி நடக்கும். அதை வைத்து மட்டும் நீக்கியது சரி என்று முடிவு கட்டக் கூடாது. நம் பக்கம் மாந்தோப்பைக் குத்தகைக்கு விடுவார்கள் இல்லையா? மாமரம் ஒரு வருஷம் கொட்டிக் காய்க்கும், அடுத்த வருஷம் ஓய்வெடுக்கும். காய்ப்பு இல்லாத வருஷத்தில் தோப்புக்காரருக்குக் கோபம் வந்து குத்தகைக்காரரை மாற்றுவார். அடுத்த வருஷம் மரம் தன்பாட்டுக்குக் காய்க்கும். புதுசாக வந்தவர் கைராசிக்காரர் என்று பெயர் வாங்கிவிடுவார். கோச் வேலை போவதும் அணி மிக மோசமாகத் தோற்றுக்கொண்டிருக்கும் நேரத்தில்தான். அதற்குக் கீழே போக அதிகம் இடம் இல்லை, எனவே அடுத்து வருவது ஏறுமுகம். டென்வரையே பாருங்கள். 47 வெற்றி, 32 தோல்வி என்று இருந்த அணி வரிசையாக நான்கு ஆட்டம் தோற்ற சமயத்தில் மலோனை அனுப்பினார்கள். உதவிப் பயிற்சியாளர் டேவிட் அடல்மன் பொறுப்பேற்றார், மீதி மூன்று ஆட்டத்தையும் ஜெயித்தார்கள். பிளே ஆஃபில் (ஒவ்வொரு சுற்றும் முதலில் நான்கு ஆட்டம் ஜெயிக்கும் அணிக்கு) கிளிப்பர்ஸை ஏழு ஆட்டத்தில் தோற்கடித்து, அந்த வருஷம் கோப்பை வாங்கிய ஓக்லஹோமா சிட்டியை ஏழாவது ஆட்டம் வரைக்கும் இழுத்தார்கள். அடல்மனுக்கு வேலை நிரந்தரமானது. ஆனால் அணியின் நட்சத்திரமான யோகிச் என்ற அந்த ராட்சசன் ஏப்ரல் முதல் வாரத்திலும் அங்கேதான் இருந்தார், மூன்றாவது வாரத்திலும் அங்கேதான் இருந்தார்.

கால்பந்தில் இதை முறையாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். நெதர்லாந்து லீகில் 1986 முதல் 2004 வரையிலான ஆட்டங்களை எடுத்து, கோச்சை நீக்கிய அணிகளையும், அதே அளவு மோசமாக ஆடியும் நீக்காமல் விட்ட அணிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார் பாஸ் டெர் வேல் என்ற பொருளாதார ஆய்வாளர். இரண்டு வகை அணிகளும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி மீண்டன. கூடைப்பந்துக்கு அதை அப்படியே ஒட்டவைக்க முடியாது. ஐந்து பேர் ஆடும் ஆட்டத்தில் கோச்சின் கை நீளம். டைம் அவுட் இருக்கிறது, நினைத்த நேரத்தில் ஆள் மாற்றலாம், ஒவ்வொரு பந்துக்கும் செட், அதாவது யார் எங்கே ஓட வேண்டும் என்ற திட்டம், சொல்லலாம். ஆனாலும், "மாற்றினோம், ஜெயித்தோம்" என்று யாராவது மார்தட்டினால் இந்த ஆய்வை நினைத்துக்கொள்வது நல்லது.

அப்படியென்றால் ஏன் நீக்குகிறார்கள்? கோபமும் உண்டு, ஆனால் பெரிய காரணம் காசுக் கணக்கு. என்.பி.ஏ.வில் ஆட்டக்காரரின் சம்பளம் பெரும்பாலும் உத்தரவாதமானது, அணியின் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பும் உண்டு. லீகும் ஆட்டக்காரர் சங்கமும் போட்ட 2023 ஒப்பந்தத்துக்குப் பிறகு அந்த வரம்பை ரொம்பத் தாண்டிய அணிகளுக்கு ஆள் மாற்றிக்கொள்வதே கஷ்டம். பிடிக்காத ஆட்டக்காரரைத் தள்ளிவிட வேண்டும் என்றால் இன்னொரு அணி அவரை வாங்கிக்கொள்ள வேண்டும், சம்பளம் பொருந்த வேண்டும், பல சமயம் கூடவே டிராஃப்ட் உரிமையையும், அதாவது புது இளம் ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையையும், தூக்கிக் கொடுக்க வேண்டும். கோச்சின் சம்பளம் இந்த வரம்புக்குள் வராது. ஒரே போன் காலில் வேலை முடிந்தது. நீக்கப்பட்டவருக்கு மிச்சப் பணம் வந்துகொண்டிருக்கும் என்பதால் ரொம்பவும் பரிதாபப்படவும் வேண்டாம். டெட்ராய்ட் 2023ல் மாண்டி வில்லியம்ஸை 6 வருஷத்துக்கு 78.5 மில்லியன் டாலர் என்று அழைத்து வந்தது. முதல் வருஷம் 14 வெற்றி, 68 தோல்வி, அதில் தொடர்ந்து 28 ஆட்டம் தோல்வி. மறு வருஷம் ஜூனில் அனுப்பிவிட்டார்கள். பாக்கித் தொகை மட்டும் 65 மில்லியனுக்கு மேல். நம் ஊரில் கோச்சை நிறுத்தினால் கடைசி மாத மதிப்பூதியமே வராது, அது வேறு கதை.

கோச் மட்டும்தான் சுலபமாக அசைக்கக்கூடிய காய் என்பதற்கு ஃபீனிக்ஸ் அணியைவிட நல்ல சாட்சி கிடையாது. 2021ல் இதே மாண்டி வில்லியம்ஸ் அவர்களை இறுதிப்போட்டிக்குக் கொண்டுபோனார், 2022ல் லீகின் சிறந்த பயிற்சியாளர் விருதும் வாங்கினார். 2023 மே மாதம் நீக்கம். அடுத்து வந்த ஃபிராங்க் வோகல் 2020ல் லேக்கர்ஸுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர். 49 ஆட்டம் ஜெயித்தார், பிளே ஆஃப் முதல் சுற்றில் மினசோட்டாவிடம் நான்குக்குப் பூஜ்யம் என்று தோற்றார்கள், ஒரே வருஷத்தில் நீக்கம். அதற்கடுத்து மைக் புடன்ஹோல்ஸர். 2021 இறுதிப்போட்டியில் இதே ஃபீனிக்ஸைத் தோற்கடித்த மில்வாக்கியின் கோச் இவர்தான்! 36 வெற்றி, 46 தோல்வி, இவரும் ஒரே வருஷம். மூன்று பருவம், மூன்று கோச், மூவரும் சாதாரண ஆட்கள் இல்லை. டுரான்ட், புக்கர், பீல் என்று மூன்று நட்சத்திரங்களுக்குச் சம்பளத்தைக் கொட்டிவிட்டு, மீதி இடத்தைக் கிடைத்தவர்களை வைத்து நிரப்பியதுதான் அங்கே சிக்கல் என்பது என் கணிப்பு. கோச்சைத் திரும்பத் திரும்ப மாற்றியும் தீராத வியாதி என்றால், வியாதி அங்கே இல்லை. 2025 கோடையில்தான் டுரான்ட்டையும் பீலையும் அனுப்பினார்கள்.

சரி, அப்போது நீக்குவதே தவறா? இல்லை. "அவன் நல்ல கோச்சா, கெட்ட கோச்சா" என்று விவாதம் போகும்போதுதான் தடம் மாறுகிறது. நான் கேட்பது வேறு இரண்டு: கோச்சின் கையில் இருக்கும் எந்த விஷயம் சரியில்லை? அதைச் சரியாகச் செய்யக்கூடிய எவர் வரத் தயாராக இருக்கிறார்? இரண்டுக்கும் பெயர் சொல்லிப் பதில் இருந்தால் மாற்றுவதில் அர்த்தம் உண்டு. முதலாவதற்கு மட்டும் பதில் வைத்துக்கொண்டு மாற்றுபவர்கள்தான் நிறையப் பேர்.

கோல்டன் ஸ்டேட் அணி 2014ல் மார்க் ஜாக்சனை நீக்கியபோது பலர் திட்டினார்கள். 51 ஆட்டம் ஜெயித்த கோச். ஆனால் ஸ்டீஃபன் கர்ரி, கிளே தாம்சன் மாதிரி ஷூட்டர்களை வைத்துக்கொண்டு, அந்தப் பருவத்தில் லீகிலேயே மிகக் குறைவாகப் பாஸ் போட்ட அணி அது. பந்து ஒருவர் கையிலேயே நின்றது. குறை என்ன என்று விரல் நீட்டிச் சொல்ல முடிந்தது, அது கோச் வகுக்கும் ஆட்டமுறையில் இருந்தது. ஸ்டீவ் கெர் வந்தார், பந்து ஓட ஆரம்பித்தது, 67 வெற்றி, கோப்பை. கிளீவ்லாந்தும் 2024ல் ஏறக்குறைய இப்படித்தான். 48 ஆட்டம் ஜெயித்து, முதல் சுற்றைத் தாண்டிய பிக்கர்ஸ்டாஃபை நீக்கிவிட்டு கென்னி அட்கின்சனை எடுத்தார்கள். முக்கியமான நால்வரும் அதே ஆட்கள். வேகம் கூடியது, உயரமான மோப்லி கையில் பந்தைக் கொடுத்து ஓடவிட்டார்கள், 64 வெற்றி வந்தது, அட்கின்சனுக்குச் சிறந்த பயிற்சியாளர் விருதும் கிடைத்தது. ஆனால் கதையின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். 2024ல் இரண்டாம் சுற்றில் நான்குக்கு ஒன்று என்று பாஸ்டனிடம் தோற்றார்கள். 2025லும் அதே இரண்டாம் சுற்று, அதே நான்குக்கு ஒன்று, இந்தத் தடவை இந்தியானாவிடம். காயங்கள் இருந்தன என்பது உண்மை. லீக் ஆட்டத்தில் கோச் மாற்றியது பலன் தந்தது என்று தைரியமாகச் சொல்வேன், பிளே ஆஃபுக்கு அதே தைரியம் எனக்கு இல்லை.

நீக்கப்பட்ட பிக்கர்ஸ்டாஃப் எங்கே போனார்? 14 வெற்றியோடு கிடந்த அந்த டெட்ராய்ட்டுக்கு. அடுத்த பருவத்தில் 44 வெற்றி. இதை வைத்து அவர்தான் மாயக்காரர், மாண்டி வில்லியம்ஸ் உதவாக்கரை என்று எழுதியவர்கள் உண்டு. அதே கோடையில் டெட்ராய்ட் மேலிடத்தையும் மாற்றியது, டோபியாஸ் ஹாரிஸ், மாலிக் பீஸ்லி, டிம் ஹார்டவே என்று ஷூட் பண்ணத் தெரிந்த அனுபவசாலிகளையும் சேர்த்தது, இளம் நட்சத்திரம் கேட் கனிங்ஹாமுக்கு ஒரு வயது கூடியது. இதில் கோச்சின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. டொரான்டோ கதையும் அப்படித்தான். 2018ல் 59 ஆட்டம் ஜெயித்த டுவேன் கேஸியை நீக்கினார்கள், நீக்கிய பிறகு அவருக்கு அந்த வருஷத்தின் சிறந்த பயிற்சியாளர் விருது வந்தது, பார்க்கவே சங்கடமாக இருந்தது. மறு வருஷம் நிக் நர்ஸ் கோப்பை வாங்கினார். ஆனால் அதே கோடையில் நட்சத்திர ஆட்டக்காரர் கவாய் லெனார்டும் வந்து சேர்ந்தார். லெனார்டோடு கேஸி இருந்திருந்தால்? டீக்கடையில் ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசலாம், முடிவுக்கு வராது.

இரண்டாவது கேள்விக்கு, அதாவது யார் வருகிறார் என்பதற்கு, எனக்குப் பிடித்த ஜோடி ஒன்று உண்டு. 2016 ஜனவரியில் கிளீவ்லாந்து 30 வெற்றி, 11 தோல்வி என்று கிழக்குப் பிரிவில் முதலிடத்தில் இருந்தபோது டேவிட் பிளாட்டை நீக்கியது. 2024 ஜனவரியில் மில்வாக்கி 30 வெற்றி, 13 தோல்வி என்று இருந்தபோது ஏட்ரியன் கிரிஃபினை நீக்கியது. எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒன்று. கிளீவ்லாந்தில் பொறுப்பேற்ற டைரன் லூ ஏற்கெனவே அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர். யாருக்கு எந்த செட் பிடிக்கும், யாரைத் திட்டலாம், யாரைத் திட்டக் கூடாது என்று தெரிந்தவர், அணியின் நட்சத்திரம் லெப்ரானையே அதட்டக்கூடியவர். அந்த வருஷம் இறுதிப்போட்டியில் மூன்றுக்கு ஒன்று என்று பின்தங்கி எழுந்து கோப்பை வாங்கினார்கள். மில்வாக்கியில் டாக் ரிவர்ஸ் டிவி வர்ணனையில் இருந்தார், பருவத்தின் நடுவில் வெளியிலிருந்து வந்தார். மீதி ஆட்டங்களில் 17 வெற்றி, 19 தோல்வி, பிளே ஆஃபில் முதல் சுற்றோடு சரி. பருவத்தின் நடுவில் பயிற்சிக்கே நேரம் கிடையாது. ஊர் ஊராகப் பறந்துகொண்டே புது டிஃபென்ஸைக் கற்றுக்கொடுக்க முடியாது. நடுவில் மாற்றுவதென்றால் உள்ளே இருப்பவரைத்தான் ஏற்ற வேண்டும் என்பதில் எனக்கு அதிகம் சந்தேகம் இல்லை.

மில்வாக்கியின் தவறு கிரிஃபினோடு ஆரம்பிக்கவில்லை, 2023 மே மாதமே ஆரம்பித்தது. 58 ஆட்டம் ஜெயித்து முதலிடத்தில் வந்த அணி, எட்டாவது இடத்தில் வந்த மயாமியிடம் முதல் சுற்றிலேயே தோற்றது. புடன்ஹோல்ஸர் மேல் நியாயமான புகார் ஒன்று உண்டு: ஐந்தாவது ஆட்டத்தின் நெருக்கடியான கடைசி நொடிகளில் கையில் டைம் அவுட் இருந்தும் எடுக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தவன் என்ற முறையில் அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஆனால் அணியின் நட்சத்திரம் யானிஸ் முதல் ஆட்டத்திலேயே முதுகில் அடிபட்டு அடுத்த இரண்டு ஆட்டம் ஆடவில்லை, மயாமியின் ஜிம்மி பட்லர் ஒரே ஆட்டத்தில் 56 புள்ளி போட்டார். இதற்கெல்லாம் சேர்த்து கோச்சுக்குத் தண்டனை. அவருடைய இடத்தில் வந்தது தலைமைப் பயிற்சியாளராக ஒரு ஆட்டம்கூட நிரந்தரமாகப் பார்க்காத ஒருவர். அவருக்குத் துணையாக இருந்த அனுபவசாலி டெரி ஸ்டாட்ஸ் பருவம் தொடங்கும் முன்பே விலகிவிட்டார். குறையைக் கண்டுபிடித்தார்கள், ஆளைக் கண்டுபிடிக்கவில்லை.

இனி நிக்ஸ். இந்தியானாவுடன் ஆடிய அந்தக் கிழக்குப் பிரிவு இறுதிச்சுற்றின் முதல் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று நிமிஷத்துக்கும் குறைவாக இருக்கும்போது 14 புள்ளி முன்னிலை. அதைத் தொலைத்தார்கள். இந்தியானாவின் நெஸ்மித் மூன்று புள்ளியாகப் போட்டுத் தள்ளினார். கடைசி நொடியில் அதே அணியின் ஹாலிபர்டன் போட்ட பந்து ரிங்கின் பின்பக்கம் பட்டு, எல்லோரும் அண்ணாந்து பார்க்கும் அளவுக்கு மேலே எழும்பி, நேராக உள்ளே விழுந்தது. கூடுதல் நேரத்தில் 138க்கு 135 என்று தோல்வி. அந்தப் பந்து ஓர் அங்குலம் தள்ளிப் பட்டிருந்தால் முதல் ஆட்டம் நிக்ஸுடையது, தொடரே வேறு மாதிரி போயிருக்கலாம், திபடோ இன்றைக்கும் அங்கேயே இருந்திருக்கலாம். அதனால் "தொடரைத் தோற்றார், அதனால் நீக்கியது சரி" என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை.

ஆனால் வேறு ஒரு புகார் உண்டு, அது செல்லும். திபடோ முதல் ஐந்து பேரை நிமிஷக் கணக்கு பார்க்காமல் ஆடவைப்பவர், பெஞ்சில் இருப்பவர்களை நம்பவே மாட்டார். சிகாகோவில் இருந்த காலத்திலிருந்தே அவருக்கு அந்தப் பெயர் உண்டு. 2025 மார்ச்சில் மிக்கேல் பிரிட்ஜஸ், ஆட்ட நேரத்தைக் குறைப்பது பற்றிக் கோச்சிடம் பேசியதாக வெளிப்படையாகவே சொன்னார், அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை என்று கோச் மறுத்தார். ஓர் ஆட்டக்காரரும் கோச்சும் பத்திரிகை வழியாகப் பேசிக்கொள்ளும் நிலை வந்துவிட்டால் உள்ளே ஏதோ சரியில்லை. அந்த முதல் ஐவர் கூட்டணி சரியாகப் போகவில்லை என்பது பருவத்தின் பின்பாதியிலேயே தெரிந்தது, இந்தியானாவுடன் இரண்டு ஆட்டம் தோற்ற பிறகுதான் மிட்சல் ராபின்சனை முதல் ஐந்தில் இறக்கினார். இவை கோச்சின் கையில் இருப்பவை. ஆகவே முதல் கேள்விக்கு நிக்ஸிடம் பதில் இருந்தது. இரண்டாவதற்கு இல்லை. நீக்கிவிட்டு, மற்ற அணிகளில் ஒப்பந்தத்தில் இருக்கும் கோச்சுகளைக் கேட்டு, அந்த அணிகள் மறுத்த செய்தி ஒன்றன் பின் ஒன்றாக வந்தது. ஒரு மாதம் கழித்து மைக் பிரவுன் வந்தார். அவர் மோசமான தேர்வு இல்லை, இரண்டு தடவை சிறந்த பயிற்சியாளர் விருது வாங்கியவர், சேக்ரமெண்டோவை 16 பருவத்துக்குப் பிறகு பிளே ஆஃபுக்குக் கொண்டுபோனவர், பிறகு அவர்களே அவரையும் பருவத்தின் நடுவில் நீக்கினார்கள். காரணம் பாதி நியாயம், செய்த முறை சரியில்லை என்பது என் தீர்ப்பு. நிக்ஸ் ரசிகர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம்.

பொறுமையாக இருந்தால் எல்லாம் சரியாகும் என்று சொல்லவும் எனக்கு விருப்பமில்லை. சான் அன்டோனியோவின் போபோவிச்சை எல்லோரும் பொறுமைக்கு உதாரணம் காட்டுவார்கள். அவர் அந்த நாற்காலிக்கு வந்ததே 1996 டிசம்பரில், அணியின் பொது மேலாளராக இருந்துகொண்டு கோச் பாப் ஹில்லை நீக்கிவிட்டுத் தானே உட்கார்ந்துதான். அந்தப் பருவம் அணி 20 ஆட்டம்தான் ஜெயித்தது, டேவிட் ராபின்சனுக்குக் காயம். மோசமாக ஆடிய அணிகளுக்கு டிராஃப்டில் முன்வாய்ப்பு உண்டு, அதன் பலனாக 1997ல் டிம் டங்கன் கிடைத்தார். 1999 பருவம் 6 வெற்றி, 8 தோல்வி என்று ஆரம்பித்தபோது இவரையும் அனுப்பிவிடுவார்கள் என்று பேச்சு வந்தது. அடுத்த 36 ஆட்டத்தில் 31 ஜெயித்து, கோப்பையும் வாங்கினார்கள். ஓக்லஹோமா சிட்டியின் மார்க் டேக்னால்ட் முதல் இரண்டு பருவத்தில் 22, 24 வெற்றிதான். யாரும் அவரைத் தொடவில்லை, 2025ல் 68 வெற்றியும் கோப்பையும். அங்கே மேலிடம் அந்த இரண்டு வருஷமும் வெற்றியை எதிர்பார்க்கவே இல்லை, இளம் ஆட்டக்காரர்கள் வளர்கிறார்களா என்றுதான் பார்த்தது. கோச்சை எதை வைத்து அளப்பது என்று முன்னாலேயே பேசி வைத்திருந்தால் பொறுமை தானாக வரும்.

உங்கள் கிளப்புக்கு வருகிறேன். மூன்று டோர்னமெண்ட் தோல்வி என்கிறீர்கள். நாக் அவுட் என்றால் மூன்றே ஆட்டமாக இருக்கலாம், அது 82 ஆட்டத்தில் ஒரு வாரத் தோல்விக்குச் சமம், அதை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது. யாரிடம் தோற்றீர்கள் என்றும் பாருங்கள். கோயம்புத்தூர், சென்னைக் கல்லூரி அணிகளிடமோ, ரயில்வே, வங்கி அணிகளிடமோ தோற்றிருந்தால் அது கோச் பிரச்சினையே இல்லை. நம் இரண்டு மாவட்டத்திலும் பெரிய சிக்கல் ஒன்று உண்டு: நன்றாக ஆடும் பையன் ப்ளஸ் டூ முடித்ததும் விளையாட்டு ஒதுக்கீட்டில் வெளியூர்க் கல்லூரிக்குப் போய்விடுவான். அது அவனுக்கு நல்லது, போகத்தான் வேண்டும். மிச்சம் இருப்பவர்களில் பாதிப் பேர் ஓசூர் கம்பெனிகளில் ஷிப்டுக்குப் போகிறார்கள், ஐந்து பேர் ஒன்றாகப் பயிற்சி செய்வதே ஞாயிற்றுக்கிழமைதான். இதை எந்தக் கோச்சாலும் மாற்ற முடியாது.

கோச்சால் மாற்றக்கூடியவை வேறு. ஃப்ரீ த்ரோவைப் பயிற்சியில் தினமும் போடவைக்கிறாரா? எதிரணி ஜோன் போட்டால், அதாவது ஆளுக்கு ஆள் பிடிக்காமல் இடத்தைக் காத்து நின்றால், என்ன செய்வது என்று உங்களுக்குத் தெரியுமா, இல்லை ஐந்து பேரும் வெளியே நின்று பந்தைக் கைமாற்றிக்கொண்டு இருக்கிறீர்களா? முதல் பாதியில் இரண்டு ஃபவுல் வாங்கியவரை வெளியே எடுக்கிறாரா? எதிரணி வரிசையாக எட்டு, பத்து புள்ளி போடும்போது டைம் அவுட் கேட்கிறாரா? சின்னப் பையன்களுக்கு ஆட நேரம் கொடுக்கிறாரா? சீனியர்கள்தான் மாற்றச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் இந்தக் கடைசிக் கேள்வியை ஜூனியர்களிடம் தனியாகக் கேளுங்கள். நம் பக்கம் ஒரு கிளப்பில், ஆட்ட நேரத்தை இளையவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார் என்பதற்காகவே ஒரு நல்ல கோச்சை அனுப்பியதைக் கண்ணால் பார்த்தேன். அடுத்த இரண்டு வருஷத்தில் சீனியர்கள் வேலை, கல்யாணம் என்று போய்விட்டார்கள், அணியில் ஆடத் தெரிந்தவர்கள் இல்லை.

இவற்றில் இரண்டு மூன்று உண்மையிலேயே குறையாக இருந்தால், முதலில் அவரிடமே நேரில் சொல்லுங்கள். கோச்சுகளுக்கும் ரோஷம் உண்டு, ஆனால் ஃபவுல் கணக்கையும் ஃப்ரீ த்ரோ கணக்கையும் எழுதி எடுத்துப்போய் மரியாதையாகப் பேசினால் கேட்காதவர் குறைவு. அப்படியும் சரியாகவில்லை என்றால் மாற்றுவதில் பாவம் எதுவும் இல்லை.

பெங்களூர்க்காரர் பற்றி இரண்டே விஷயம் விசாரியுங்கள். அவர் வாரத்தில் எத்தனை நாள் தருமபுரிக்கு வருவார்? சனி, ஞாயிறு மட்டும் என்றால் மற்ற நாட்களில் பயிற்சியை நடத்தப்போவது யார்? இப்போது இருக்கும் கோச்சே உதவியாளராக இருக்கச் சம்மதிப்பாரா என்று கேட்டுப் பார்க்கலாம், கேட்கும் விதத்தில் கேட்டால். இன்னொன்று, அவர் கடைசியாகப் பயிற்சி கொடுத்த அணியின் ஆட்டக்காரர் ஒருவரிடம் போனில் பேசுங்கள், டோர்னமெண்ட் அமைப்பாளரிடம் இல்லை. மூன்று தோல்வியிலும் யார் யார் எவ்வளவு நேரம் ஆடினார்கள் என்பது ஞாபகம் இருந்தால் அதையும் எழுதி அனுப்புங்கள் தம்பி, பார்த்துவிட்டு மேற்கொண்டு சொல்கிறேன்.